அமெரிக்காவில் கேலிகிராஃபி கில்டில் சேர்வது எப்படி? பயிலரங்குகளுக்குப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவின் பெருநகரங்கள் பலவற்றில் கேலிகிராஃபி என்னும் அழகெழுத்துக் கலைக்கு ஒரு கில்டு இருக்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைக்காமல், உறுப்பினர்களே தலைவர், பொருளாளர், பயிலரங்குப் பொறுப்பாளர் என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டு நடத்தும் சிறிய சங்கம் அது. மாதக் கூட்டம், உள்ளூர் ஆசிரியர் எடுக்கும் தொடர் வகுப்பு, வெளியூர் ஆசிரியரை வரவழைத்து நடத்தும் வாரயிறுதிப் பயிலரங்கு, உறுப்பினர் கண்காட்சி ஆகியவை அதன் வழக்கமான பணிகள். இவற்றில் எதை முதலில் எடுத்துக்கொள்வது, எதற்கு எப்போது பணம் கட்டுவது, என்ன வாங்குவது என்பதையெல்லாம் யாரும் ஓரிடத்தில் எழுதி வைப்பதில்லை. பழைய உறுப்பினர்களுக்கு அது பழகிப்போனதால் சொல்லத் தோன்றுவதில்லை. புதிதாக வருபவருக்குக் கேட்கத் தெரிவதில்லை. நான் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை, அடுத்து வருபவருக்கு உதவட்டும் என்று வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கணக்கின்படி போகிறது: செலவில்லாததை முதலிலும், செலவு மிகுந்ததைக் கடைசியிலும் செய்யுங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புகழ்பெற்ற ஆசிரியர் வருகிறார் என்ற அறிவிப்பைப் பார்த்ததும் இருநாள் பயிலரங்குக்குப் பணம் கட்டி, பட்டியலில் உள்ள பொருளையெல்லாம் வாங்கிக் குவித்து, முதல் நாள் மதியமே பாடத்தைத் தொடர முடியாமல் சோர்ந்துவிடுகிறார்கள்.

1. உங்கள் பகுதிக்கான கில்டைக் கண்டுபிடியுங்கள்

இணையத்தில் ஊர்ப் பெயரையும் ‘கேலிகிராஃபி கில்டு’ என்பதையும் சேர்த்துத் தேடினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், ஏனென்றால் பல சங்கங்களின் பெயரில் கில்டு என்ற சொல்லே இருக்காது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் கேலிகிராஃபி’, தென் கலிபோர்னியாவில் ‘சொசைட்டி ஃபார் கேலிகிராஃபி’, நியூயார்க்கில் ‘சொசைட்டி ஆஃப் ஸ்க்ரைப்ஸ்’, சிகாகோவில் ‘சிகாகோ கேலிகிராஃபி கலெக்டிவ்’, பாஸ்டன் பக்கம் ‘மாஸ்க்ரைப்ஸ்’, டாலஸில் ‘கலிக்ராஃபோஸ்’, ஆஸ்டினில் ‘கேபிடல் சிட்டி ஸ்க்ரைப்ஸ்’, அட்லாண்டாவில் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி ஆல்ஃபபெட்’ என்று பெயர்கள் பலவிதம். வாஷிங்டன் டி.சி., நியூ ஜெர்சி, ஹூஸ்டன் போன்ற இடங்களில் உள்ளவை கில்டு என்ற பெயரோடேயே இருக்கின்றன. பெயர் தெரியாவிட்டால் ஊர்ப் பொது நூலகத்தின் தகவல் மேசையில் கேளுங்கள். கில்டுகள் கூட்டத்துக்கும் கண்காட்சிக்கும் நூலக அறைகளையே நாடுவதால், அங்கே யாருக்காவது நிச்சயம் தெரிந்திருக்கும்.

கில்டு கிடைத்தவுடன் அதன் கடந்த இரண்டு ஆண்டுப் பயிலரங்குகளின் பட்டியலைப் பாருங்கள். கேலிகிராஃபியில் பெரிய கிளைகள் இரண்டு. ஒன்று, பட்டையான முனையுள்ள நிப்பால் எழுதுவது. இட்டாலிக், ஃபவுண்டேஷனல், அன்ஷியல், காதிக் ஆகிய எழுத்துமுறைகள் எல்லாம் இதில் அடங்கும். மற்றொன்று, கூரான நிப்பை அழுத்தியும் தளர்த்தியும் எழுதும் காப்பர்பிளேட், ஸ்பென்சீரியன் வகை. கல்யாணப் பத்திரிகை உறைகளில் முகவரி எழுதுவதைப் பார்த்து ஆசைப்பட்டு வருபவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது கிளை. ஆனால் பழைய கில்டுகள் பலவும் முதல் கிளையில் ஊறியவை. உங்களுக்குக் கூர் நிப்பில்தான் நாட்டம் என்றால், 1949-இல் தொடங்கிய ஐயாம்பெத் என்ற நாடு தழுவிய அமைப்பையும் பாருங்கள். பழைய பேனாக் கலைஞர்களின் பாடத் தாள்களை அது இலவசமாகவே வழங்குகிறது.

2. முதலில் விருந்தினராக ஒரு கூட்டத்துக்குப் போங்கள்

மாதக் கூட்டத்துக்கு விருந்தினர் வருவதைப் பெரும்பாலான கில்டுகள் வரவேற்கின்றன, அதற்குக் கட்டணமும் இருப்பதில்லை. ஆனாலும் முன்கூட்டி ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். சில கூட்டங்கள் உறுப்பினர் வீட்டில் நடக்கும். சில கூட்டங்களில் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோகும் வழக்கம் இருக்கும். நோட்டும் பென்சிலும் போதும். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

ஆகஸ்டு மாதத்தின் இரண்டாம் புதன்கிழமையை உலகக் கேலிகிராஃபி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த வாரத்தில் நூலகங்களிலும் கடைகளிலும் செய்முறை விளக்கம் வைக்கும் கில்டுகள் உண்டு. பேனாவை வாங்காமலேயே கையில் பிடித்து எழுதிப் பார்க்க அது நல்ல வாய்ப்பு.

கூட்டத்தில் இவற்றைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்: உறுப்பினர் ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது, தொடக்க நிலையினருக்கான வகுப்பு அடுத்து எப்போது, பயிலரங்குப் பதிவு எப்படித் திறக்கிறது, இரவல் தரும் நூலகம் கில்டுக்கு இருக்கிறதா. இந்த நான்குக்கும் பதில் தெரிந்துவிட்டால் அடுத்த ஓராண்டுக்கான திட்டத்தைப் போட்டுவிடலாம்.

3. உறுப்பினராகச் சேருங்கள், ஆனால் மாதம் பார்த்து

சந்தா பெரும்பாலும் ஆண்டுக்கு 35 முதல் 60 டாலருக்குள் இருக்கும். மாணவர்களுக்கும் மூத்தோருக்கும் குறைத்து வாங்குவோர் உண்டு. ஒரே வீட்டில் இருவர் சேர்ந்தால் சலுகை உண்டா என்றும் கேளுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பல கில்டுகளில் ஆண்டு என்பது நீங்கள் பணம் கட்டிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் அல்ல. பள்ளிக்கூட ஆண்டைப் போல செப்டம்பரில் தொடங்கி மே அல்லது ஜூனில் முடியும். ஏப்ரலில் முழுச் சந்தா கட்டிச் சேர்ந்தால் கோடையிலேயே புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்துவிடும். ஆண்டின் நடுவில் சேர்பவரிடம் பாதிச் சந்தா வாங்கும் வழக்கம் சில கில்டுகளில் இருந்தாலும், நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். அவசரமான பயிலரங்கு எதுவும் இல்லாவிட்டால் ஆகஸ்டு கடைசி வரை காத்திருந்து சேர்வதே லாபம்.

படிவத்தில் பெயர், அஞ்சல் முகவரி, மின்னஞ்சல், அவசரத் தொடர்புக்கு ஒருவரின் எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். அடையாள அட்டையோ விசா விவரமோ சமூகப் பாதுகாப்பு எண்ணோ உறுப்பினராவதற்குத் தேவையில்லை; யாராவது கேட்டால் ஏன் என்று கேளுங்கள். படிவத்தின் அடியில் சிறிய கட்டங்கள் இருக்கும். உங்கள் முகவரியை உறுப்பினர் பட்டியலில் அச்சிடலாமா, கூட்டத்தில் எடுக்கும் புகைப்படத்தை வெளியிடலாமா என்று அங்கே ஒப்புதல் கேட்டிருப்பார்கள். படிக்காமல் குறி போட்டுவிடாதீர்கள்.

பணம் கட்டும் வழியைப் பொறுத்தவரை, அஞ்சலில் காசோலை அனுப்பச் சொல்லும் கில்டுகள் இன்றும் இருக்கின்றன. ஊருக்குப் புதிதாக வந்தவர்களிடம் காசோலைப் புத்தகம் இருக்காது. வங்கிக் கணக்கின் ‘பில் பே’ வசதி மூலம் வங்கியே காசோலை எழுதி அனுப்பும். அதற்கு வழக்கமாகத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால், கடைசி நாளுக்கு முன் அந்த அவகாசத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். குறிப்புப் பகுதியில் உங்கள் பெயரையும் ‘உறுப்பினர் சந்தா’ என்பதையும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாத காசோலை யாருடையது, எதற்கு வந்தது என்று தெரியாமல் பொருளாளரின் கோப்பில் தூங்கும்.

4. முதல் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

வாரம் ஒரு நாள், இரண்டு அல்லது இரண்டரை மணி நேரம், ஆறு முதல் எட்டு வாரம் என்று நடக்கும் தொடர் வகுப்பே தொடங்குவதற்கு உகந்தது. இது கைப்பழக்கம் சார்ந்த கலை என்பதால், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் வீட்டில் எழுதிப் பழகும் ஆறு நாட்கள்தாம் உண்மையான பாடம். இருநாள் பயிலரங்கில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. ஏற்கெனவே ஓர் எழுத்துமுறை கையில் படிந்தவர் அதில் மாறுபாடுகளைக் கற்க வருகிறார் என்று வைத்துக்கொண்டுதான் வெளியூர் ஆசிரியர் பாடம் நடத்துவார்.

அறிவிப்பில் ‘எல்லா நிலையினருக்கும்’ என்று போட்டிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இடம் நிரம்ப வேண்டும் என்ற கவலை பொறுப்பாளருக்கு இருக்கும். பொருட்பட்டியலைப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். ‘நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நிப்புகள்’, ‘உங்களுக்கு விருப்பமான மை’ என்ற சொற்கள் அதில் இருந்தால், அது வழக்கமும் விருப்பமும் ஏற்கெனவே அமைந்தவர்களுக்கான வகுப்பு. ஒவ்வொரு நிப்பின் எண்ணையும் தாளின் பெயரையும் எழுதியிருந்தால் புதியவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்று நம்பலாம்.

எந்த எழுத்துமுறையில் தொடங்குவது என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஃபவுண்டேஷனல்தான் அடிப்படை என்று ஒரு சாராரும், இட்டாலிக்தான் அன்றாடக் கையெழுத்தையும் திருத்தும் என்று மற்றொரு சாராரும் சொல்வார்கள். உங்கள் ஊரில் எது நடக்கிறதோ அதில் சேருங்கள் என்பதுதான் என் முடிவு. ஒன்று கையில் படிந்துவிட்டால் மற்றது எளிதாக வரும். இரண்டையும் ஒரே பருவத்தில் எடுத்துக்கொண்டால் ஃபவுண்டேஷனலுக்கு நிப்பைப் பிடிக்கும் 30 பாகைக் கோணமும் இட்டாலிக்குக்கு உரிய 45 பாகைக் கோணமும் கையில் குழம்பி, இரண்டுமே உருப்படாமல் போகும்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் பதிவு செய்வதற்கு முன்பே ஆசிரியருக்கு எழுதிச் சொல்லிவிட வேண்டும். சாய்வாக வெட்டப்பட்ட இடக்கை நிப்புகள் தனியாக விற்கின்றன. வில்லியம் மிட்செல் நிறுவனத்திலும் கிடைக்கும், ஸ்பீட்பால் நிறுவனத்தில் எல்சி வரிசையும் உண்டு. ஆனால் அவை கடைகளில் எப்போதும் இருப்பதில்லை என்பதால் வரவழைக்க நேரம் வேண்டும்.

5. பொருட்களை வாங்குங்கள், பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் அல்ல

கையைக் கடிக்கும் இடம் இதுதான். வகுப்புக் கட்டணத்தை விடப் பொருட்செலவு கூடிப்போனவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். பட்டியல் வந்தவுடன் அதை மூன்றாகப் பிரியுங்கள்: கட்டாயம் வாங்க வேண்டியவை, இரவல் கிடைக்கக் கூடியவை, ஆசிரியரிடமோ கில்டிடமோ வகுப்பிலேயே வாங்கக் கூடியவை. லைட் பாக்ஸ் (அடியில் விளக்கெரியும் பலகை), டி-ஸ்கொயர் (டி வடிவ அளவுகோல்), வெட்டும் பாய், சாய்வுப் பலகை போன்றவை இரண்டாம் வகை. கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டால் போதும், யாராவது கொண்டுவந்து தருவார்கள். ‘இத்துடன் பத்து டாலர் பொருட்கட்டணம்’ என்று அறிவிப்பில் இருந்தால், சில தாள்களும் மையும் அதில் அடங்குகின்றனவா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் அதையே தனியாகவும் வாங்கி வைத்துவிடுவீர்கள்.

பட்டை நிப்பு வகுப்புக்கு முதல் பேனாவாக பைலட் பேரலல் போதும். 1.5, 2.4, 3.8, 6.0 மில்லிமீட்டர் முதலிய அளவுகளில் கிடைக்கிறது, ஒன்று பத்துப் பன்னிரண்டு டாலர். தொடக்கத்துக்கு 3.8 ஒன்றே போதும். எழுத்து பெரிதாக வருவதால் பிழை கண்ணுக்குத் தெரியும். இது மைக்கூட்டில் தோய்க்காமல் எழுதும் பேனா என்பதால், கோணத்தில் மட்டும் கவனம் செலுத்தலாம். ஆனால் இதற்குள் இந்திய மை, சுமி மை, அக்ரிலிக் மை எதையும் ஊற்றிவிடக் கூடாது. உலர்ந்து கெட்டியாகி பேனாவையே அடைத்துவிடும். அதற்கென விற்கும் மைக் குழல்களையோ சாதாரண ஃபவுண்டன் பேனா மையையோ பயன்படுத்துங்கள்.

தோய்த்தெழுதும் நிப்பைத்தான் ஆசிரியர் கேட்கிறார் என்றால் ஸ்பீட்பால் சி-2, அல்லது பிரௌஸ் 3 மில்லிமீட்டர், அதைச் செருகிப் பிடிக்க ஒரு தண்டு. நிப்பு இரண்டு முதல் நான்கு டாலர், தண்டும் ஏறத்தாழ அதே விலைதான். கூர் நிப்பு வகுப்புக்கு நிக்கோ ஜி. புதியவரின் கை அழுத்தத்தைத் தாங்கக் கூடியது அது. கில்லட் 303 போன்ற மென்மையான நிப்புகளைப் படம் பார்த்து ஆசைப்பட்டு வாங்காதீர்கள், தொடக்கத்தில் அவை தாளைக் கிழிக்கும். காப்பர்பிளேட்டுக்கு வலக்கையாளர்கள் பலரும் சாய்வுத் தண்டு வைத்துக்கொள்வார்கள். சில டாலருக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் தண்டில் உங்கள் நிப்பு ஆடாமல் பொருந்துகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

புது நிப்பு துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் பூச்சோடு வரும். அதைப் போக்காமல் எழுதினால் மை நிப்பின் மேல் திவலை திவலையாகத் திரண்டு நிற்கும். தாளில் இறங்காது, அல்லது ஒரேயடியாகச் சொட்டும். பழைய பல்துலக்கியில் சிறிது பற்பசை எடுத்து நிப்பின் இரு பக்கமும் தேய்த்து, வெந்நீரில் கழுவி, உடனே துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். பிறகு மையில் தோய்த்து எடுத்தால் மை முழு முகத்திலும் மெல்லிய படலமாக ஒட்டியிருக்க வேண்டும். நிப்பின் நடுவில் உள்ள துளை நனையும் அளவுக்குத் தோய்த்தால் போதும். நிப்பில் ஏதோ கோளாறு என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படும் நிப்புகளில் பாதிக்கு வேண்டியது இந்தப் பற்பசைதான் என்பது என் ஊகம்.

தாளுக்கு முதலிலேயே ஆர்ச்சஸ் போன்ற விலை உயர்ந்த கலைத் தாள் வாங்க வேண்டாம். சாதாரண நகலெடுக்கும் தாளில் மை பூத்துப் பரவும், எனவே அதுவும் உதவாது. பயிற்சிக்கு உறையில் ‘32 பவுண்டு’ என்று குறித்திருக்கும், சற்றே தடித்த, வழுவழுப்பான லேசர் அச்சுத் தாள் ஒரு கட்டு வாங்கினால் பல மாதங்களுக்கு வரும். அடியில் கோட்டுத் தாள் வைத்து எழுத ரோடியா நிறுவனத்தின் தாள்கட்டோ மெல்லிய லேஅவுட் தாளோ நல்லது. ஜான் நீல் புக்ஸ், பேப்பர் அண்ட் இங்க் ஆர்ட்ஸ் ஆகியவை இந்தப் பொருட்களை அஞ்சலில் அனுப்பும் சிறப்புக் கடைகள். ஊர்க் கலைப்பொருள் கடையில் இல்லாத நிப்பு எண்கள் அங்கே கிடைக்கும். அனுப்பும் செலவு தனி என்பதால் கில்டில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வரவழைப்பது வழக்கம்.

கண்டிப்பாக வாங்க வேண்டியவை பேனா, மை, தாள், அளவுகோல், பென்சில் ஆகியவை மட்டுமே. இவற்றை 50 டாலருக்குள் முடிக்கலாம். கவாஷ் வண்ணங்கள், தங்கத் தாள், வால்நட் மை எல்லாம் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கட்டும்.

6. பெரிய பயிலரங்குக்குப் பதிவு செய்யுங்கள்

ஒரு தொடர் வகுப்பு முடித்து, வீட்டிலும் எழுதிப் பழகிய பிறகு இருநாள் பயிலரங்குக்குப் போகலாம். கட்டணம் பொதுவாக 150 முதல் 300 டாலர் வரை. ஆசிரியரின் விமானச் செலவு, தங்கும் செலவு, ஊதியம், அறை வாடகை எல்லாவற்றையும் இருபது பேருக்கும் குறைவானவர்கள் பகிர்ந்துகொள்வதால் வரும் தொகை இது. உறுப்பினர் அல்லாதவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு தொகை சேரும். அந்த வித்தியாசம் பல சமயம் ஓராண்டுச் சந்தாவை நெருங்கிவிடும் என்பதால், கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பயிலரங்கு அறிவிப்பு மாதங்களுக்கு முன்பே செய்திமடலில் வரும். பதிவு மூன்று வகையில் நடக்கலாம். முதலில் வருபவருக்கு முதலிடம் என்பது ஒன்று. உறுப்பினர்களுக்கு முதலில் திறந்து சில வாரம் கழித்து மற்றவர்களுக்குத் திறப்பது இன்னொன்று. குறித்த நாள் வரை வரும் விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்துக் குலுக்கல் போடுவது மூன்றாவது. முதல் வகை என்றால் திறக்கும் நாளையும் மணியையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் கிழக்குக் கடற்கரை நேரமா உங்கள் நேரமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் நிரம்பிவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் தயங்காமல் பெயரைச் சேருங்கள். வேலை, உடல்நலம், பயணம் என்று கடைசி வாரங்களில் விலகுபவர்கள் எப்போதும் இருப்பார்கள், அந்த இடம் பட்டியல் வரிசைப்படி நகரும்.

பணம் கட்டுவதற்கு முன் விலகல் விதியை வரி விடாமல் படியுங்கள். வழக்கமான விதி இப்படி இருக்கும்: குறித்த நாளுக்கு முன் விலகினால் சிறு தொகை பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், அந்த நாளுக்குப் பின் விலகினால், உங்கள் இடத்துக்கு வேறொருவர் வந்தால் மட்டுமே பணம் திரும்பும். ‘வேறொருவர்’ என்பதை யார் தேட வேண்டும் என்பதில்தான் மனத்தாங்கல் வரும். நீங்களே ஒருவரை அழைத்து வரலாமா, காத்திருப்போர் பட்டியலில் இருந்துதான் எடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் திட்டமோ விசா முத்திரைக்கான நேர்காணல் தேதியோ உறுதியாகாமல் இருக்கும் மாதங்களில் பயிலரங்குப் பணம் கட்டாமல் இருப்பதே மேல்.

பணம் முடை என்றால் உதவித்தொகை பற்றி விசாரியுங்கள். பல கில்டுகள் ஒன்றிரண்டு இடங்களுக்குப் பகுதிக் கட்டண உதவி தருகின்றன. குறிப்பிட்ட காலம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், முடித்த பின் செய்திமடலில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் போன்ற நிபந்தனைகள் இருக்கலாம். விண்ணப்பிப்பவர்கள் குறைவு. கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

இணையவழிப் பயிலரங்குகளும் இப்போது நிறைய நடக்கின்றன. பயணச் செலவு இல்லாததால் கட்டணம் குறைவு. பதிவு செய்த காணொளியைச் சில வாரங்கள் திரும்பப் பார்க்கலாம், ஆசிரியரின் நிப்பு முனையையும் நேர்வகுப்பில் பார்ப்பதை விட அருகில் பார்க்கலாம். ஆனால் உங்கள் கை நிலையை ஆசிரியர் பார்த்துத் திருத்துவது அங்கே அரிது. முதல் வகுப்பை மட்டுமாவது நேரில் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. பயிலரங்குக்கு முன்னிரவும் அன்றும்

கோடு போட்ட தாள்களைத் தயாராக எடுத்துப் போவதுதான் மிகப் பெரிய நேரச் சேமிப்பு. எழுத்தின் உடல் உயரத்தை நிப்பின் அகலத்தை வைத்துக் கணக்கிடுவார்கள்: ஃபவுண்டேஷனலுக்கு 4 நிப்பு அகலம், இட்டாலிக்குக்கு 5. கையில் உள்ளது 2.4 மில்லிமீட்டர் பேனா என்றால் இட்டாலிக்குக்கு 12 மில்லிமீட்டர் இடைவெளி, 3.8 என்றால் 19 மில்லிமீட்டர். மேலும் கீழும் நீளும் எழுத்துகளுக்கும் இடம் விட வேண்டும். கோடு சரிதானா என்று பார்க்க, நிப்பைப் பக்கவாட்டில் திருப்பி ஒன்றன் மேல் ஒன்றாகச் சிறு கட்டங்களைப் படிக்கட்டு மாதிரி அடுக்கிப் பாருங்கள்; இட்டாலிக் என்றால் ஐந்தாவது கட்டத்தின் உச்சி மேல்கோட்டைத் தொட வேண்டும். கறுப்பாகக் கோடு போட்ட ஒரு தாளை அடியில் வைத்து மெல்லிய தாளில் எழுதினால் ஒவ்வொரு தாளுக்கும் கோடு போட வேண்டியதில்லை.

தண்ணீருக்கு அகன்ற அடியுள்ள சிறு குப்பி, பழந்துணி, மேசை விரிப்பு, மதிய உணவு ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். மைப்புட்டியை மேசையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வாடகை அறையின் கம்பளத்தில் மை கொட்டினால் செலவு கில்டின் தலையில்தான் விழும். வாசனைத் திரவியம் பூசி வர வேண்டாம் என்று சில அறிவிப்புகளில் இருக்கும், அதை மதியுங்கள். வேறு ஊர்ப் பயிலரங்குக்கு விமானத்தில் போகிறீர்கள் என்றால், கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட மைப்புட்டி செல்லாது. வெட்டும் கத்திகளைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும்.

ஆசிரியர் எழுதிக் காட்டுவதைப் படமோ காணொளியோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். அவர் கொடுக்கும் மாதிரித் தாள்கள் அவருடைய உடைமை. வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் நண்பருக்கு நகலெடுத்துக் கொடுப்பதும் தவறு. அந்தத் தாள்களை வைத்து ஊர் ஊராகப் பாடம் எடுப்பதுதான் அவருடைய பிழைப்பு.

8. கண்காட்சியிலும் விற்பனையிலும் எச்சரிக்கையாக இருங்கள்

உறுப்பினர் கண்காட்சிகளில் பல, தேர்வுக் குழு இல்லாதவை. சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒரு படைப்பைக் கொடுக்கலாம். நுழைவுப் படிவத்தில் தலைப்பு, பயன்படுத்திய மை, தாள், சட்டத்தோடு சேர்த்த அளவு, விலை, எழுதிய வரிகளின் ஆசிரியர் ஆகிய விவரங்கள் வேண்டும். சட்டத்தின் பின்னால் கம்பி கட்டியிருக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எங்கும் உள்ள விதி. கடையில் வாங்கும் சட்டங்களில் ரம்பப் பல் போன்ற கொக்கிதான் இருக்கும், அதை ஏற்க மாட்டார்கள். கம்பியும் வளையமும் சில டாலருக்குக் கிடைக்கும், முன்னிரவு தேடாதீர்கள்.

எந்த வரிகளை எழுதுகிறீர்கள் என்பதில் பதிப்புரிமை குறுக்கிடும். 1978-க்கு முன் நூல் வடிவில் வெளிவந்தவற்றுக்கு அமெரிக்காவில் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு வரை உரிமை இருக்கலாம்; அதற்குப் பின் எழுதியவற்றுக்குப் பொதுவாக ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு. தற்காலக் கவிஞரின் வரிகளுக்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. திருக்குறளுக்கும் சங்கப் பாடல்களுக்கும் பாரதியின் கவிதைகளுக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் கூடவே வைக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு உரிமையாளர் இருக்கலாம். 1886-இல் வெளிவந்த போப்பின் குறள் மொழிபெயர்ப்பு போன்ற பழையதை எடுங்கள், அல்லது நீங்களே மொழிபெயர்த்துப் பெயர் போட்டுக்கொள்ளுங்கள். தமிழில் எழுதிய படைப்பைக் கில்டுகள் ஆர்வத்தோடு ஏற்றுக்கொள்வதைத்தான் பார்த்திருக்கிறேன். பட்டை நிப்பில் தமிழ் எழுதும்போது மட்டும் கோணத்தை நீங்களே சோதித்து முடிவுசெய்ய வேண்டும். றகரத்தின் வளைவுகளும் ணகரத்தின் சுழிகளும் இட்டாலிக் கோணத்துக்கு எளிதில் அடங்குவதில்லை.

விசாவில் இருப்பவர்கள் விலைக் கட்டத்தை நிரப்பும் முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வேலை அனுமதி அட்டை இல்லாத எச்-4 துணைவர்களும், எஃப்-1 மாணவர்களும், ஒரே நிறுவனத்துக்கு மட்டும் வேலை செய்ய அனுமதி பெற்ற எச்-1பி ஊழியர்களும் படைப்பை விற்றாலோ, உறையில் முகவரி எழுதிக் கூலி வாங்கினாலோ, வகுப்பெடுத்து ஊதியம் பெற்றாலோ, அது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்பட வாய்ப்பிருக்கிறது. தொகை சிறியது என்பது சமாதானம் ஆகாது. எச்-4-இல் இருப்பவர்கள் பொழுதுபோக்காக வகுப்பில் கற்பதற்கும் கண்காட்சியில் வைப்பதற்கும் தடையில்லை. சிக்கல் காசு கைமாறும் இடத்தில்தான். குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவு பெறும் வரை விலைக் கட்டத்தில் ‘விற்பனைக்கு அல்ல’ என்று பொருள்படும் என்.எஃப்.எஸ். என்ற மூன்றெழுத்தை எழுதுங்கள். அனுமதி உள்ளவர்களும் ஆண்டிறுதி விற்பனைச் சந்தையில் மேசை போடுவதற்கு முன், உங்கள் மாநிலத்தில் விற்பனை வரிக்கான அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று பொருளாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படைப்பைக் கொடுக்கும் நாளும் திரும்ப எடுக்கும் நாளும் படிவத்தில் இருக்கும். இரண்டும் பெரும்பாலும் சில மணி நேரமே திறந்திருக்கும். எடுக்கும் நாளில் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால், உங்கள் சார்பில் எடுக்கப்போகிறவரின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, நுழைவுப் படிவத்தின் அடிப்பகுதியை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.